இந்த வருஷம் இரண்டு வகைதான்

மெல்போர்னில் இருக்கும் என் நண்பன், காவா விற்கப் போகிறேன் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. காவா என்பது பசிபிக் தீவுகளில் ஒரு செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, உடம்பைத் தளரவைக்கும். 2021 டிசம்பர் 1 முதல் ஆஸ்திரேலியா வணிகத்துக்கும் காவாவை உள்ளே விடுகிறது. அதற்கு முன்னால் பயணிகள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் நாலு கிலோவோடு சரி. அங்கே ஃபிஜிக்காரர்களும் டோங்காக்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். குடிப்பழக்கத்தை விட்டுவிட்டு மாலை நேரத்துக்கு வேறு ஏதாவது தேடுகிற வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள். அவன் கணக்கில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஃபிஜியின் தலைநகர் சுவாவில் இருக்கும் எனக்கு அவன் கொடுத்த வேலையும் சின்னதுதான். கண்டாவுத் தீவில் எனக்குப் பழக்கமான விவசாயியிடம் ஒரு பட்டியல் வாங்கித் தரவேண்டும். வகையின் பெயர், கிலோ விலை, கையிருப்பு, மாதம் எத்தனை கிலோ தர முடியும். நாலு பத்தி போட்ட எக்செல் தாளையே அனுப்பிவிட்டான்.

வந்த பதில் இதுதான். இந்த வருஷம் இரண்டு வகைதான். மூன்றாவது வகை மழை பிடித்த பிறகு. நாலாவது நிலத்தில் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை. மற்றதெல்லாம் இரண்டு வருஷம் கழித்துக் கேட்கவும். மாதம் எத்தனை கிலோ என்ற பத்தி காலியாகவே வந்தது. நண்பன் பார்த்துவிட்டு, "இது என்னடா வியாபாரம்? சரக்கு இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லச் சொல்லு" என்றான்.

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வந்து உட்கார்ந்துகொண்டது. வாங்குபவன் பக்கம் நின்று பார்த்தால் அவன் கேட்டது சரி. சரிவில் செடி வைத்திருக்கும் மனிதர் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பதிலும் சரி. இதைப் பற்றி எழுதாமல் எனக்குத் தீராது.

அவரை நான் மோமோ என்று கூப்பிடுகிறேன். இங்கே தாய்மாமனுக்கு அப்படித்தான் சொல்வார்கள். அவர் மகன் என்னோடு வேலை பார்த்தவன். மோமோவுக்கு நாங்கள் எல்லாரும் பிள்ளைகள்போல ஆகிவிட்டோம். பெரிய பண்ணை எல்லாம் இல்லை. ஊருக்கு மேலே, காட்டை ஒட்டி, மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு துண்டாக நிலம். நடுவே டாலோக் கிழங்கு போட்டிருக்கும். கண்டாவுக்குக் கப்பலில் ஓர் இரவு. சுவா துறைமுகத்தில் 'கவுண்டர் ஷிப்பிங்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து முதல் தடவை நின்ற இடத்திலேயே நின்றது ஞாபகம் இருக்கிறது. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

மார்க்கெட் மாடியில் இல்லாத பெயர்கள்

சுவா மார்க்கெட்டில் கீழே கிழங்கும் கீரையும் மீனும் என்றால், மாடியில் காவா. உலர்ந்த வேர்க்கட்டுகள், குவித்து வைத்த துண்டுகள், தூள் பாக்கெட்டுகள். பக்கத்திலேயே மசாலாக் கடைகளும் இருப்பதால் மண் வாசனையும் சீரக வாசனையும் கலந்து ஒரு மாதிரி இருக்கும். விற்பவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. 1903-ல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றைக்குக் கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் தானோவா என்ற காவா மரக்கிண்ணத்தைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். அவர்கள் பேச்சில் அது நங்கோனா, இல்லாவிட்டால் க்ரோக். பூர்வகுடி ஃபிஜியர்களுக்கு யங்கோனா.

மாடியில் கேள்வி இரண்டே இரண்டுதான். எந்தத் தீவு? எந்தப் பாகம்? கண்டாவு, தவேயுனி, கோரோ, ஓவலாவு என்று தீவின் பெயரைச் சொல்லி விலை பேசுவார்கள். பக்கவேர் என்றால் வாக்கா, அதுதான் விலை கூடியது. அடிக்கிழங்கைத் தோல்சீவி உலர்த்தினால் லெவேனா, விலை ஒரு படி கீழே. அதற்கும் கீழே அடித்தண்டு. தூளாக வாங்கினால் இதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது இடித்தவருக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முழு வேராக வாங்கிக் கண் முன்னால் இடிக்கச் சொல்வார்கள்.

"இது லோவா காசா லெக்காவா, வுலா காசா பலாவுவா?" என்று அங்கே கேட்டுப் பாருங்கள். ஒரு புன்சிரிப்புதான் பதிலாகக் கிடைக்கும். அந்தப் பெயர்கள் பொய்யல்ல. ஃபிஜியில் ஒரு டஜனுக்கு மேல் வகைகள் இருக்கின்றன. டோக்கோபானா, மாத்தாகாரோ, டாமு, யாலு, ஹோனலூலு என்றுகூட ஒன்று. பெயர் வைத்த முறையும் எளிமையானது: தண்டு கறுப்பா வெளுப்பா, கணுக்கள் நெருக்கமா நீளமா. நிலத்தில் நின்று பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் பிடுங்கி, வேரை அறுத்து, கழுவி, வெயிலில் போட்டுவிட்டால் எல்லாம் ஒரே பழுப்புச் சுள்ளி. வகையைக் காட்டுவது தண்டு, கடைக்குப் போவது வேர். தண்டு கண்டாவிலேயே நின்றுவிடுகிறது, பெயரும் அதோடு நின்றுவிடுகிறது.

ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியாதா என்று நண்பன் கேட்டான். ஓரளவுதான். காவாவின் வேலையைச் செய்பவை காவாலாக்டோன் என்ற கூட்டத்தைச் சேர்ந்த பொருள்கள்; அதில் ஆறு முக்கியம். எது அதிகம், எது அடுத்தது என்று வரிசைப்படுத்தி எண்களாக எழுதுவார்கள். காவாயின் முன்னால் நின்றால் சீக்கிரம் ஏறி லேசாக இறங்கும் என்பார்கள். டைஹைட்ரோமெத்திஸ்டிசின் தூக்கலாக இருந்தால் மறுநாள் வரைக்கும் மந்தமும் குமட்டலும் விடாது. பக்கத்துத் தீவு நாடான வனுவாட்டுவில் அதற்கு 'டூடே', இரண்டு நாள் காவா, என்றே பெயர். அசிட்டோனில் ஊறவைத்து நிறம் பார்க்கும் சோதனையும் உண்டு: நல்ல இனம் மஞ்சளாக நிற்கும், மற்றது ஆரஞ்சு, சிவப்புப் பக்கம் போகும். இதெல்லாம் நல்ல இனமா, இரண்டு நாள் இனமா என்பதைப் பிரிக்கும். நல்ல இனத்துக்குள்ளேயே இது டாமு, இது யாலு என்று பிரித்துக் காட்டாது. அதற்குச் சாட்சி வளர்த்தவரின் வாய்ச்சொல் மட்டும்தான்.

குடிப்பவர் நாக்கு கண்டுபிடிக்கும் என்பதையும் நான் பாதிதான் நம்புவேன். சேற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு கசப்பு, நாக்கு நுனியில் மரத்துப்போதல், கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை தளர்வது, இதெல்லாம் எல்லா வகையிலும் உண்டு. எந்த வயதுச் செடி, வாக்காவா லெவேனாவா, எப்படிக் காய்ந்தது என்பவைதான் என் அனுபவத்தில் அதிகம் தெரிகின்றன. ஒரே வகையை மட்டும் நாலு மாலை தொடர்ந்து குடித்தால் அதன் சுபாவம் பிடிபடலாம். மார்க்கெட் கலவையைக் குடித்துவிட்டு, 'இதில் மாத்தாகாரோ இருக்கிறது' என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

முதலில் தண்டு, அப்புறம்தான் வேர்

பட்டியலைப் பற்றிப் பேச நேரிலேயே போனேன். ஊருக்குள் நுழையும்போது செவுசெவு கொடுக்கவேண்டும். அதாவது ஒரு கட்டுக் காவா வேரைத் தலைவர் முன்னால் வைத்து, வந்த காரியத்தைச் சொல்லி அனுமதி கேட்பது. அதற்காக நான் சுவா மார்க்கெட்டில் கண்டாவு வாக்கா ஒரு கட்டு வாங்கி, அதைக் கப்பலில் கண்டாவுக்கே சுமந்துகொண்டு போனேன். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். யாரும் சிரிக்கவில்லை, முறைப்படி கைதட்டி வாங்கிக்கொண்டார்கள். மோமோ மட்டும் கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதில் பாதி பிஞ்சு" என்றார்.

மறுநாள் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மழை பெய்து சில வாரம் ஆகியிருந்தது. மண் மேலே இறுகிக் கிடந்தது. நான் எக்செல் தாளின் மூன்றாவது வரியைப் பற்றிக் கேட்டேன்: அந்த லோவா காசா லெக்கா முதிர்ந்துதானே நிற்கிறது, ஏன் இப்போது முடியாது? அவர் பதில் சொல்லாமல் ஓரமாக நின்ற ஒரு செடியிடம் போனார். காற்றில் சாய்ந்து அடியில் விரிசல் விட்ட செடி, எப்படியும் எடுக்கவேண்டியது. ஆள் உயரம், கையகல இதய வடிவ இலைகள். மிளகு, வெற்றிலை, திப்பிலி குடும்பம்தான் இதுவும். இலையைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே வராது. கறுத்த தண்டுகள் ஒரே தூரிலிருந்து பத்துப் பதினைந்து கிளம்பியிருந்தன.

செடியைத் தோண்டப் போகிறார் என்று நான் கடப்பாரையை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். ஒவ்வொரு தண்டாக வெட்டி, நுனியில் இளசாக இருந்ததைத் தள்ளிவிட்டு, மீதியைக் கணு பார்த்துத் துண்டு போட்டார். நம் பக்கம் கரும்புக் கரணை வெட்டுவதுபோலத்தான், ஆனால் இவர் ஒவ்வொரு கணுவையும் விரலால் தடவிப் பார்த்தார். முளை உயிரோடு இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் தூர. பிறகு அந்தக் கரணைகளை ஈரச்சாக்கில் சுற்றி, மரநிழலில் கொண்டுபோய் வைத்து, மேலே இலைகளைப் போட்டு மூடினார். அதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காசு தரப்போகிற வேர் அதுவரைக்கும் மண்ணுக்குள்ளேயே கிடந்தது, அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காவா பூக்கும், ஆனால் முளைக்கும் விதை வைக்காது. வனுவாட்டுப் பகுதியில் காட்டினம் ஒன்றிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உண்டாக்கிய செடி இது என்று, பல வருஷம் தீவு தீவாகச் சேகரித்த வின்சென்ட் லெபோ போன்ற ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து ஹவாய் வரைக்கும் போனதெல்லாம் படகில் மனிதன் எடுத்துச் சென்ற தண்டுத் துண்டுகள். இதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் ஈரச்சாக்கின் மேல் இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபோதுதான் பட்டியலில் இருந்த அத்தனை பதில்களும் ஒன்றாகச் சேர்ந்தன. வெற்றிலையில் இலையைக் கிள்ளினால் கொடி நிற்கும். மிளகில் சரத்தைப் பறித்தால் கொடி நிற்கும். இதில் அறுவடை என்றாலே செடி முடிந்தது. அறுவடை செய்கிற அதே நாளில்தான் அடுத்த செடிக்கான கரணையும் கிடைக்கிறது. அன்றைக்கு மண்ணில் ஈரம் இல்லையென்றால் கரணை காய்ந்துவிடும். காய்ந்துவிட்டால் வேர் மட்டும் விற்றிருக்கும், வகை போயிருக்கும்.

"இப்போதே எல்லாவற்றையும் பிடுங்கித் தருவேன்" என்றார் மோமோ. "உன் சிநேகிதனுக்கு வேர் போகும். இந்தக் காய்ந்த மண்ணில் தண்டை நான் எங்கே கொண்டு வைப்பது? மழை வரட்டும். வேரையும் தருகிறேன், தண்டையும் நடுகிறேன்."

ஆக, அவர் 'மழை பிடித்த பிறகு' என்று எழுதியது சாக்குப்போக்கு இல்லை. 'இரண்டு வருஷம் கழித்து' என்பதும் கணக்குத்தான். நட்டு மூன்று வருஷமாவது நிற்கவேண்டும், நாலு ஐந்து என்றால் வேர் நன்றாகப் பருக்கும். இன்றைக்கு மெல்போர்னில் ஒருவர் டாமு வேண்டும் என்று கேட்டால், அந்தக் கேள்வி மண்ணில் வேராக மாற இத்தனை வருஷம் ஆகும். அதற்குள் அவர் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு உலர்களம்

வகையாகப் பிரித்துக் கொடுப்பதில் இன்னொரு தடங்கல் இருக்கிறது. அது மிகச் சாதாரணமானது, அதனாலேயே யாரும் பேசுவதில்லை. மோமோவிடம் உலர்த்த ஒரே ஒரு களம்தான், தகரமும் மூங்கிலும் வைத்து அவரே கட்டியது. பச்சை வேர் நாலைந்து கிலோ காய்ந்தால் உலர்ந்தது ஒரு கிலோ. கண்டாவில் வெயிலை நம்பமுடியாது. தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூடவேண்டும், சரியாகக் காயவில்லையென்றால் பூஞ்சை. ஒரே ஒரு வகையின் சின்னக் குவியலைத் தனியாகக் காயப்போட்டால் அது உலரும் வரைக்கும் களம் முழுவதும் அதற்கே. இல்லையென்றால் நடுவில் ஒரு கட்டை வைத்துப் பிரிக்கவேண்டும். பேரப்பிள்ளைகள் புரட்டிப் போடும்போது கட்டை நகர்ந்துவிடும். பிறகு தனிச் சாக்கு, தனி அடையாளம், கப்பலில் அது வேறு மூட்டையோடு மாறாமல் போய்ச் சேரவேண்டும்.

இத்தனையும் செய்தால் கூடுதல் விலை உண்டா? ஊருக்கு வந்து வாங்கும் தரகர் வாக்கா என்றால் ஒரு விலை, லெவேனா என்றால் ஒரு விலை, அவ்வளவுதான். எந்தத் தண்டின் வேர் என்று அவர் கேட்பதே இல்லை. அப்படிக் கேட்காத சந்தையில் தனித்தனியாகக் காயவைப்பது தன் கையிலிருந்து கூலி போட்டுச் செய்கிற வேலை.

விலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பன் நம்புகிறான். விலை ஏறிய காலத்தை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் கோரோ, தவேயுனி, வனுவா லெவு பக்கத்துத் தோட்டங்களை அடித்துப் போட்டது. அடுத்தடுத்த வருஷங்களில் சுவாவில் நல்ல வாக்கா கிலோ 100 ஃபிஜி டாலரைத் தாண்டியது. அதனால் வகைகள் பெருகினவா? இல்லை. பிஞ்சுச் செடிகளைப் பிடுங்கினார்கள். இரண்டு வருஷச் செடிக்கே நல்ல காசு வரும்போது நாலு வருஷம் ஏன் காத்திருக்கவேண்டும்? அதோடு திருட்டு. மலைமேல் காவல் இல்லாத தோட்டத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் செடிகள் காணாமல் போகும். திருடன் வருவதற்குள் நாமே எடுத்துவிடலாம் என்று பிடுங்கியவர்களும் உண்டு. பிஞ்சுச் செடியில் வேரும் கொஞ்சம், நடக்கூடிய தண்டும் கொஞ்சம். விலை உச்சத்தில் இருந்தபோதுதான் நடுவதற்குக் கரணை கிடைக்காமல் அலைந்தார்கள்.

கண்டாவின் முறை பிறகு வந்தது. 2018 ஏப்ரலில் கேனி புயல். அதற்குப் பின் நட்டவை இரண்டு வயதைத் தொட்டபோது, 2020 ஏப்ரலில் ஹரோல்ட். தண்டு முறிந்துவிட்டால் வேரை அதிக நாள் மண்ணில் விடமுடியாது, அழுகிவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் பிடுங்குவார்கள், எல்லாருக்கும் உலர்களம் வேண்டும், எல்லாரிடமும் நடவேண்டிய தண்டு குவிந்து கிடக்கும், நட நிலம் சுத்தமாக இருக்காது. கொடுமை என்னவென்றால் கரணை பிடிப்பதற்கு மழை மாதங்கள் வேண்டும், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. புயல் வருவதும் அதே மாதங்கள்தான். மோமோவிடம் இருந்த வகைகளில் ஒன்று ஹரோல்டோடு முழுசாகப் போய்விட்டது. பக்கத்து ஊரில் கொடுத்து வைத்திருந்ததால் திரும்பக் கிடைத்தது. கொடுத்தபோது விலை பேசவில்லை, திரும்ப வாங்கும்போதும் பேசவில்லை.

இது ஃபிஜிக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல. வனுவாட்டுவில் 80-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன, ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பெயர்போன காவா உண்டு. ஆம்பே தீவின் மெலோமெலோவை விரும்பிக் கேட்பவர்கள் வெளிநாடுகளில் நிறைய. 2017-லும் 2018-லும் அங்கே எரிமலை பொங்கி, தீவு முழுவதையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. சாம்பல் மூடிய தோட்டத்தில் போய் யாரிடம் கையிருப்புக் கேட்பது?

நாலாவது வரி

'இருக்கிறது, விற்பனைக்கு இல்லை' என்ற வரிதான் நண்பனை மிகவும் எரிச்சல்படுத்தியது. அந்தச் செடிகளை நான் பார்த்தேன். சரிவின் மேல் மூலையில், மற்றவற்றிலிருந்து தள்ளி, நன்றாக முதிர்ந்து நிற்பவை. மோமோவின் மனைவி ஊரிலிருந்து கல்யாணத்துக்குப் பிறகு வந்த கரணைகளின் வழி. சாவு வந்தால் கொண்டுபோய் வைப்பதற்கு, மனைவி வீட்டார் வந்தால் இடிப்பதற்கு, ஊரில் பெரிய காரியம் நடந்தால் வேரோடும் தண்டோடும் முழுச் செடியாகத் தூக்கிக்கொண்டு போவதற்கு. அப்படிக் கொண்டுவைக்கும் செடியில் வகை தெரியும். எந்த வீட்டுச் செடி என்பதும் பெரியவர்களுக்குத் தெரிந்துவிடும். அதை வாக்கா விலைக்குப் போடுவதில் அவருக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

விற்கிற செடிகளுக்கும் அவர் நாள்காட்டி வேறு. ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவு, வருஷத்துக்கு ஒரு முறை சர்ச்சுக்குக் கொடுக்கவேண்டிய பணம், வீட்டுக் கூரை, படகு எஞ்சின். பணம் தேவைப்படும்போது தேவையான அளவுக்குப் பிடுங்குவார். மற்ற நாளில் அது மண்ணில் நின்று பருக்கும். வங்கியில் போட்டால்கூட இவ்வளவு வட்டி வராது என்று அவர் சொன்னதை நான் மறுக்கமுடியவில்லை. திருட்டையும் புயலையும் ஞாபகப்படுத்தினேன், அவர் சிரித்தார். மாதம் எத்தனை கிலோ என்ற பத்தி காலியாக வந்ததற்குக் காரணம் இதுதான். மாதாமாதம் அவருக்குப் பணம் தேவைப்படுவதில்லை.

அப்படியானால் கேட்கிற ஒரே வகையை எல்லாத் துண்டிலும் நட்டுவிடலாமே என்பது நண்பனின் அடுத்த யோசனை. பெரிய தோட்டங்கள் அந்த வழியில்தான் போகின்றன, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரே வகை என்றால் சரிவு முழுவதும் ஒரே செடியின் நகல். காவாவை வாடவைத்துக் கருக்கும் நோய் ஒன்று இருக்கிறது, வெள்ளரியில் வரும் மொசைக் வைரஸ்தான் காரணம். பூசணி, வாழை பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபமாகப் பரவும். நல்ல தண்டு கொஞ்ச நாளில் கறுத்து அழுகிவிடும். ஒரே வகை சீக்கிரம் பருக்கிறது என்று அதையே நட்டவர், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழக்கவும் தயாராக இருக்கவேண்டும். மோமோ ஐந்தாறு வகையை வைத்திருப்பது பாரம்பரியத்தைக் காப்பாற்றும் ஆசையால் என்று யாராவது எழுதினால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார். ஒன்று ஈரத்தைத் தாங்கும், ஒன்று மேட்டு நிலத்தில் வரும், ஒன்று சீக்கிரம் காசாகும், ஒன்று மனைவி வீட்டுக்கானது. அவருக்கு இவை வகைகள் இல்லை, வெவ்வேறு வேலைகளுக்கான செடிகள்.

வனுவாட்டு 2002-ல் சட்டம் போட்டு, நல்ல இன வகைகளைத்தான் ஏற்றுமதி செய்யலாம் என்றது. 2020-ல் உலக உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பும் இந்தப் பகுதிக்குக் காவாத் தரநிலை ஒன்றைக் கொண்டுவந்தது. குடிப்பவருக்கு இது நல்லது, சந்தேகமே இல்லை. கல்லீரலைக் கெடுக்கிறது என்ற சந்தேகத்தில் 2002 வாக்கில் ஐரோப்பாவில் காவாவின் பெயர் கெட்டது, மட்ட சரக்குத்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் தாளில் வகையின் பெயரை எழுதுவது வேறு, அந்த வகைக்குத் தனி விலையும் தனி உலர்களமும் கிடைப்பது வேறு. முதலாவது வந்துவிட்டது. இரண்டாவதைத் தருகிற தரகரை நான் இன்னும் கண்டாவில் பார்க்கவில்லை.

மழை பிடித்த பிறகு மோமோ சொன்னபடியே லோவா காசா லெக்காவை எடுத்தார். தனியாகக் காயவைத்து, சாக்கில் பெயர் எழுதி அனுப்பினார். அளவு நண்பன் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. அவன் அதைப் பெயரோடு போட்டு விற்றான், சீக்கிரமே தீர்ந்தது, அடுத்தது எப்போது என்று கேட்கிறார்களாம். எப்போது என்று அவனுக்கு இப்போது தெரியும், நட்ட தேதியே என்னிடம் இருக்கிறது.

அதனால் போன மாதம் நான் இருவருக்கும் நடுவே ஒரு பேச்சைக் கிளப்பினேன். இன்றைக்கு நட்டிருக்கும் செடிகளுக்கு இப்போதே ஒரு பகுதி பணத்தை நண்பன் கொடுக்கட்டும். நாலு வருஷம் கழித்து வேர் அவனுக்கு, தண்டு மோமோவுக்கு. இன்னொரு உலர்களம் கட்ட அந்த முன்பணம் போதும். மோமோ யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நடுவில் ஹரோல்ட் மாதிரி ஒன்று வந்தால், கொடுத்த பணம் யாருடையது? நண்பனிடம் கேட்டேன். பாதிப் பாதி என்றான். மோமோ, நஷ்டம் முழுவதும் அவனுடையது என்றால் சரி என்கிறார், புயலை நான் கூப்பிடவில்லையே என்று. அந்த முழுசுக்கும் பாதிக்கும் நடுவில் பேச்சு நின்றுகொண்டிருக்கிறது. நான் நண்பனிடம் முழுசாக ஒப்புக்கொள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நீயே போடேன்" என்கிறான். எத்தனை செடிக்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.